பேறுகாலத்தில் அரிய ஆபத்தும் ஆயத்தமும்

நுவரெலியா மாவட்டத்திலே, கொத்மலைப் பள்ளத்தாக்கை அடுத்து, பூண்டுலோயா என்னும் சிற்றூர் இருக்கின்றது. அதனைச் சூழ்ந்து நிற்கும் மலைகள் யாவும் தேயிலை மலைகள். ஹரோ, சீன், டன்சினன் என்று அங்குள்ள தோட்டங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் பிரித்தானியத் துரைமார். கொழுந்து பறித்து அத்தோட்டங்களை வாழவைத்தவர்கள் தமிழ்ப் பெண்கள். டன்சினன் என்பது ஸ்கொத்லாந்து நாட்டுக் குன்று ஒன்றின் பெயர். சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தைப் படித்தோர் அப்பெயரை மறந்திரார். பெண் வயிற்றிற் பிறந்த எவனாலும் தனக்குத் தீங்கில்லை என்று நம்பிய மக்பெத், கோட்டை அமைத்துக் காத்திருந்த இடம் அதுவே. அவனை வீழ்த்திய மக்டப் என்பவனோ ஏனையோரைப் போலப் பிறந்தவனல்லன். தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவன்.

மக்டப்பின் தாய் என்ன ஆனாள்? நாடகம் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அக்காலத்தார் அதனைக் கேட்கவும் மாட்டார்கள். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தால் தாய் பிழைப்பது அரிது என்பது அன்று யாவரும் அறிந்த செய்தி. 1882ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு வைத்தியர் மக்ஸ் சாங்கர், கீறிய கருப்பையைத் தைத்து மூடும் முறையைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். அதன் பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. அன்று தாயின் உயிரைக் குடித்த அதே சத்திரசிகிச்சை, இன்று டன்சினன் மலைச்சரிவில் வாழும் பெண் ஒருத்திக்கு உயிர்காக்கும் வழியாக இருக்கின்றது. ஆனால் அச்சிகிச்சை நடைபெறும் அறையை அவள் காலந் தவறாமல் சென்றடைதல் வேண்டும்.

பிள்ளைப்பேறு நோயன்று. அது இயற்கையின் நிகழ்ச்சி. பெரும்பாலான தாய்மார் யாதொரு தீங்குமின்றிப் பிள்ளை பெற்று எழுந்துவிடுகின்றனர். கருவுற்ற பெண்கள் நூறு பேரில் ஏறக்குறையப் பதினைந்து பேருக்கே ஏதேனும் சிக்கல் தோன்றுகின்றது என்றும், அதற்கு முறையான வைத்தியம் தேவைப்படுகின்றது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகின்றது. அப்பதினைந்து பேரிலும் சிலருக்கே உயிராபத்து நேர்கின்றது. அவற்றுள்ளும் சில ஆபத்துக்கள் மிக மிக அரியன. ஐந்து பிள்ளை பெற்ற பாட்டியாரும் அவற்றைக் கண்டிருக்க மாட்டார். நூற்றுக்கணக்கான பேறு பார்த்த மருத்துவிச்சியும் கண்டிருக்க மாட்டார். ஆதலினாலேதான் அவை வரும்போது வீட்டார் அவற்றை அறிந்துகொள்வதில்லை. அரிது என்பது தொகையை நோக்கிச் சொல்லப்படும் சொல். நேர்ந்துவிட்ட வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு. அரிது என்பதனால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இவ்வாபத்துக்களுள் முதலிற் கூறவேண்டியது இரத்தப்பெருக்கு. நிறைமாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் அரை லீற்றருக்குக் குறையாத இரத்தம் கருப்பையினூடே ஓடுகின்றது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. அப்போது கருப்பையின் தசைகள் இறுகிச் சுருங்கி, ஈரத் துணியை முறுக்கிப் பிடிப்பதுபோல, அக்குழாய்களை நெருக்கி அடைக்கின்றன. இயற்கையின் இந்த ஏற்பாடு தவறிக் கருப்பை தளர்ந்துவிட்டால், இரத்தம் தடையின்றிப் பெருகுகின்றது. அரை லீற்றருக்கு மேற்பட்ட இழப்பையே வைத்தியர்கள் பிரசவத்திற்குப் பிந்திய இரத்தப்பெருக்கு எனக் கூறுவர். சிகிச்சையின்றி விடப்பட்டால் இவ்வகைப் பெருக்குத் தொடங்கியதிலிருந்து உயிர் பிரிவதற்குள்ள காலம் சராசரியாக 2 மணி நேரம் என்று மதிப்பிட்டுள்ளனர். நம் முன்னோர் கணக்கில் அது ஐந்து நாழிகை. மற்றைய ஆபத்துக்கள் நாட்கணக்கில் அவகாசம் தரலாம். இது தருவதில்லை. மொகலாயப் பேரரசன் ஷாஜகானின் பட்டத்தரசி மும்தாஜ், 1631ஆம் ஆண்டில் புர்ஹான்பூரில் பதினான்காவது பிள்ளையைப் பெற்றபோது உயிர் துறந்தாள். பேரரசின் செல்வமெல்லாம் அவளுக்குக் கல்லறை கட்ட உதவியது. உயிர்காக்க உதவவில்லை.

"பிள்ளை பிறந்தா இரத்தம் போகத்தான் செய்யும், கெட்ட இரத்தம் போகட்டும்" என்று மூத்த பெண்கள் சொல்வதுண்டு. அவர்கள் அன்பின் மிகுதியால் ஆறுதலாகச் சொல்வது அது. ஆனால் உடலில் கெட்ட இரத்தம் என்று தனியாக ஒன்றும் இல்லை. துணி மேல் துணியாக நனைந்தால், தாய்க்கு மயக்கம் வந்தால், கைகால் குளிர்ந்து வியர்த்தால், அது காத்திருக்கும் வேளையன்று. முன்னரே இரத்தச்சோகையுடைய பெண்ணுக்குச் சிறிய இழப்பும் பேரிழப்பாகிவிடும். தேயிலைத் தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாகக் காணப்பட்டுவரும் குறை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இரண்டாவது ஆபத்து வலிப்பு. கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தம் உயர்ந்து, முகமும் கையும் வீங்கி, கடுமையான தலைவலியும், கண் மங்குதலும், மேல்வயிற்று நோவும் தோன்றலாம். கவனியாது விட்டால் கைகால் இழுத்து வலிப்பு வரும். பிள்ளை பிறந்த பின்னரும் இது வருவதுண்டு. அறியாதார் இதனைப் பேய்க்கோளாறு எனக் கருதி மந்திரிப்பவரைத் தேடிச் சென்று காலத்தை இழந்த கதைகள் பல. இதற்கு உரிய மருந்து மக்னீசியம் சல்பேற்று என்னும் எளிய உப்பு. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடத்தே நடத்தப்பட்டு 2002ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, இம்மருந்து வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கின்றது என்று காட்டியது.

இன்னும் அரியவை சில உள. முன்னர் வயிறு கீறிப் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அத்தழும்பின் மீது நஞ்சுக்கொடி வேர்விட்டதுபோல் ஊன்றி, பின்னர் பிரிய மறுக்கலாம். நெடுநேர வலியில் கருப்பை கிழிந்துவிடலாம். அப்போது விட்டுவிட்டு வந்த வலி திடீரென நின்றுபோவதும் உண்டு. அருகிலிருப்போர் அதனை ஆறுதல் என்று எண்ணிவிடுவர். நஞ்சுக்கொடியை அவசரப்பட்டு இழுத்தால் கருப்பையே உட்புறம் வெளியாகப் புரண்டுவிடலாம்.

எல்லாவற்றினும் அரியது, பன்னீர்க்குடத்து நீரும் அதிலுள்ள நுண்பொருள்களும் தாயின் இரத்தத்திற் கலப்பதனால் நேரும் விபத்து. 1926ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் மேயர் என்பவர் இதனை முதலில் குறித்துரைத்தார். 1941ஆம் ஆண்டில் ஸ்டைனர், லஷ்பா என்னும் இருவர் இதனைத் தனியொரு நோயாக விளக்கினர். ஒரு லட்சம் பிரசவங்களில் ஒரு சிலவற்றில் மாத்திரமே இது நேர்கின்றது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தாய்க்கு நொடிப்பொழுதில் மூச்சுத் திணறுகின்றது. இரத்த அழுத்தம் வீழ்கின்றது. பின்னர் இரத்தம் உறையும் தன்மையை இழந்து பெருகுகின்றது. யாருக்கு வரும் என்று முன்னறியும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தடுக்கும் வழியும் இல்லை. பிராணவாயுவும், இரத்தமும், பயிற்சி பெற்ற பல கைகளும் அந்த நிமிடத்தில் அருகிலிருந்தால் மட்டுமே பிழைக்க வழியுண்டு. சிறந்த வைத்தியசாலையிலும் சில தாய்மாரைக் காப்பாற்ற முடிவதில்லை. அத்தகைய வேளையில் தாயின் விதியையோ, மருமகளின் இராசியையோ, மருத்துவமாதின் கையையோ பழித்தல் அறமாகாது.

இவ்வாபத்துக்கள் இலங்கைக்குப் புதியன அல்ல. 1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக்காலத்தில் அத்தொகை முப்பதின் அயலில் நிற்கின்றது. உலகமே வியந்து நோக்கும் மாற்றம் இது. இதற்கு ஒரே காரணம் கூற இயலாது. 1850களிலே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியராகப் பணியாற்றிய சாமுவேல் கிறீன், மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றைத் தமிழில் ஆக்கி வெளியிட்டார். 1879ஆம் ஆண்டில் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அம்முறை நாடெங்கும் பரவ, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் ஊர்தோறும் வீடு தேடிச் சென்றனர். மலேரியா ஒடுக்கப்பட்டது. பென்சிலின் வந்தது. இரத்த வங்கி வந்தது. இலவசக் கல்வியினாற் பெண்கள் எழுத்தறிந்தனர். எழுத்தறிந்த பெண் தன் உடலில் ஏற்படும் மாற்றத்தை எடுத்துரைக்கவும் வைத்தியரிடம் வினவவும் துணிந்தாள். இன்று இந்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. ஒரு தாய் இறந்தால் அதற்கான காரணம் முறையாக ஆராயப்படுகின்றது. குற்றவாளியைத் தேடுவதற்கன்று, அடுத்த தாயைக் காப்பதற்கே அந்த ஆராய்ச்சி.

ஆயினும் இந்த வெளிச்சம் தேயிலை மலைகளுக்குப் பிந்தியே வந்தது. 1872ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்காகக் கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. 1939ஆம் ஆண்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னரும் மலை மலையாகவே இருந்தது. லயத்திலிருந்து தெருவுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை, வழுக்கும் படிக்கட்டு, இரவின் பனிமூட்டம் ஆகியவை சட்டத்துக்குக் கட்டுப்படுவன அல்லவே. வலி கண்ட பெண்ணைக் கம்பளியிற் கிடத்தி நால்வர் தூக்கிச் சென்றதும், கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்றதும் மலையகக் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் இன்றும் உள்ளவை.

பூண்டுலோயாவிலிருந்து ஒரு வீதி தலவாக்கலைக்குப் போகின்றது. மற்றொன்று தவலந்தென்னவுக்கு இறங்கிக் கம்பளை வீதியைச் சேர்கின்றது. சத்திரசிகிச்சையும் இரத்தமும் உள்ள பெரிய வைத்தியசாலையை நாடுவோர் நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ செல்ல வேண்டும். இரண்டும் வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதைகளே. ஐந்து நாழிகை அவகாசத்தில் எத்தனை நாழிகையை இப்பாதை எடுத்துக்கொள்ளும் என்பதை அங்கே பயணம் செய்தோர் அறிவர்.

1994ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய தடியஸ், மெயின் ஆகிய இருவர், தாய்மாரின் சாவுக்குக் காரணமாகும் தாமதங்கள் மூன்று என்று எடுத்துக்காட்டினர். போகவேண்டும் என்று முடிவு செய்வதில் தாமதம் ஒன்று. போய்ச் சேர்வதில் தாமதம் இரண்டு. சேர்ந்த பின்னர் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம் மூன்று.

ஒரு லயத்து வீட்டை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். எட்டாம் மாதத்துப் பெண்ணுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. கணவன் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்கிறான். "மலை ஏறி இறங்கின அலுப்புத்தான். கசாயம் குடிச்சிட்டுப் படுத்தா காலையில சரியாப் போயிரும்" என்கிறார் மாமியார். அவர் கொடியவரல்லர். தாம் கண்ட ஐந்து பேறுகளை வைத்துக் கணக்கிடுகிறார். மகனிடம் கேட்காமல் மருமகளை வெளியே அனுப்பினால் பழி வருமோ என்றும் அஞ்சுகிறார். தொலைபேசியில் மகன் கிடைப்பதற்குள் இரவு பத்து மணி. வாகனத்துக்கு ஆள் அனுப்ப மழை பிடித்துக்கொள்கிறது. வைத்தியசாலையை அடைந்தபின், அங்கே தாதியின் மொழி பெண்ணுக்கு விளங்கவில்லை. பெண் சொல்லுவது தாதிக்கு விளங்கவில்லை. கண் மங்குகிறது என்னும் ஒரு வார்த்தை உரிய செவியை அடையவில்லை. ஒவ்வொரு தாமதமும் தனித்தனியே சிறியது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் ஓர் உயிரின் எடை உடையது.

இவற்றுள் முதலாவது தாமதத்தை நீக்குவது குடும்பத்தின் கையில் இருக்கின்றது. அதற்குப் பணம் வேண்டியதில்லை. எந்தெந்தக் குறிகள் தோன்றினால் யாரையும் கேளாமல் உடனே புறப்படலாம் என்பதை ஆறாம் மாதத்திலேயே கணவனும் மனைவியும் மாமியாரும் கூடி முடிவு செய்துகொள்ள வேண்டும். இரத்தம் படுதல், கடுந்தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல், வயிற்றில் ஓயாத நோவு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவை அக்குறிகள். சிகிச்சை நிலையத்துக்கு ஒழுங்காகச் சென்று இரத்த அழுத்தமும் இரத்தத்தின் வலிமையும் பார்த்துக்கொள்ளுதல், இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளுதல், கர்ப்பவதிக்குரிய பதிவேட்டை எடுத்த எடுப்பில் கிடைக்கும் இடத்தில் வைத்தல் ஆகிய இவை சிறு செயல்கள். முன்னர் சத்திரசிகிச்சை செய்துகொண்டவளும், முன்பேற்றில் இரத்தம் மிகுதியாகப் போனவளும், குடும்பநல மருத்துவமாதிடம் அதனை ஒளியாமல் கூறி, நாள் நெருங்குமுன் எங்கே சென்று தங்குவது என்று கேட்டுக்கொள்ளுதல் நலம். பிள்ளை பிறந்த முதல் நாள் முழுவதும் தாயைத் தனியே விடாது பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைச் சுற்றி நிற்கும் உறவினரில் ஒருவரேனும் தாயின் முகத்தை நோக்கிக்கொண்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது தாமதத்தைக் குறைக்க 2016ஆம் ஆண்டில் இந்திய உதவியுடன் தொடங்கப்பெற்ற 'சுவசெரிய' நோயாளர் காவுவண்டிச் சேவை உதவுகின்றது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தாற் கட்டணமின்றி வண்டி வரும். ஆயினும் வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு லயத்திலிருந்து பெண்ணைக் கொண்டுவருவது அயலார் கடமை. எந்த இளைஞர் தூக்குவர், எவர் விளக்குப் பிடிப்பர், தோட்ட வாகனத்தின் சாரதி எங்கே படுத்திருப்பார் என்பனவற்றை முன்னரே வகுத்துக்கொண்ட தோட்டத்தில் அரை நாழிகை மிஞ்சும்.

மூன்றாவது தாமதம் அரசாங்கத்தையும் வைத்தியசாலைகளையும் சார்ந்தது. அங்கே அறிவியல் பல துணைகளைத் தந்திருக்கின்றது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்சிடோசின் என்னும் பொருளை 1953ஆம் ஆண்டில் செயற்கையாக ஆக்கிய டு விக்னோ, 1955இல் நோபெற் பரிசு பெற்றார். பிள்ளை பிறந்ததும் அதனை ஊசி மூலம் ஏற்றுவது இன்று உலகெங்கும் வழக்கம். குளிரிற் காத்தாலன்றி அதன் ஆற்றல் குன்றிவிடும். யப்பானிய தம்பதியர் ஒகமோட்டோ கண்ட திரனெக்சாமிக் அமிலம் இரத்தப்பெருக்கினால் நேரும் சாவைக் குறைக்கின்றது என்பதை இருபதாயிரம் பெண்கள் பங்குகொண்ட ஆய்வு 2017இல் நிறுவியது. 2023ஆம் ஆண்டில் ஆபிரிக்க நாடுகள் நான்கில் நடந்த ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. போகும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவு குறித்த விரிப்பில் ஏந்தி அளந்து, எல்லாச் சிகிச்சைகளையும் ஒருங்கே தொடங்கினால், கடும் விளைவுகள் நூற்றுக்கு அறுபது பங்கு குறைகின்றன. இத்துணைகள் எல்லாம் மலைநாட்டு வைத்தியசாலைகளிலும் இரவு பகல் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவர் பிரசவ அறையில் எந்நேரமும் இருத்தலும் மருந்தை ஒத்த துணையே. இரத்தமோ எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படுவதன்று. இந்நாட்டின் இரத்த வங்கி மனமுவந்து கொடுப்போரையே நம்பி நடக்கின்றது. கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் நடக்கும் இரத்ததான முகாமில் ஓர் இளைஞன் கொடுக்கும் இரத்தம், முகமறியாத ஒரு தாய்க்கு அவன் கொடுக்கும் வாழ்நாள்.

திருச்சிராப்பள்ளி மலைமேற் கோயில் கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். இரத்தினாவதி என்னும் பெண் பேறுகால வேதனையில் இருக்க, பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவள் தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள் என்றும், இறைவனே தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்றும் தலபுராணம் கூறும். வேதனையில் இருப்பவளுக்கும் உதவி செய்வோருக்கும் இடையில் ஓர் ஆறு குறுக்கிடக்கூடும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கியபோது மண்சரிவுகளால் மலையகப் பாதைகள் பல துண்டுபட்டன. காவிரி வெள்ளம் பழங்கதை அன்று என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

தாயின் வடிவில் இறைவன் வந்த கதை இன்று பல வடிவங்களில் நடைபெறல் கூடும். கதவைத் தட்டும் மருத்துவமாதாக, நள்ளிரவில் வண்டி ஓட்டும் சாரதியாக, இரத்தம் கொடுக்கும் இளைஞனாக, "மகனைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்பு தாயி, நானும் வாறேன்" என்று மருமகளின் கையைப் பிடித்து எழுப்பும் மாமியாராக. அவர்களுள் ஒருவர் தவறினாலும் ஐந்து நாழிகை கழிந்துவிடும். எல்லாரும் ஆயத்தமாக இருந்தால், மக்டப்பின் தாயைப் போல ஒருத்தி கதையிலிருந்து பேச்சின்றி மறைய வேண்டியதில்லை. பிள்ளையோடு வீடு திரும்பி, அதே மலையில் அதன் கையைப் பிடித்து நடத்திச் செல்வாள்.